அமெரிக்காவிலிருந்து வந்த பிஎஸ்4: வாங்கி வைத்த படங்கள் என்ன ஆகும்? இனி வாடகைக்கு எப்படி எடுப்பது?

கானாடுகாத்தான்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் தன்னுடைய பிஎஸ்4 ஸ்லிம்மை (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) ஊருக்கு அனுப்பிவிட்டார். அவருடைய அமெரிக்க பிஎஸ்என் ஐடியில் (பிளேஸ்டேஷன் கணக்கில்), பிளேஸ்டேஷன் ஸ்டோரிலேயே காசு கொடுத்து வாங்கிய படங்களும் சில சீரியல் சீசன்களும் இருக்கின்றன. அங்கேயே டவுன்லோடு செய்து ஹார்டு டிஸ்க்கில் வைத்து அனுப்பியிருக்கிறார். அவற்றை பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ காப்பி எடுத்து வைக்க வழி உண்டா?

இரண்டாவது, புதுப் படம் வாடகைக்கு எடுக்கலாம் என்று ஸ்டோரைத் திறந்தால் கேம் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. ஐடியை இந்தியாவுக்கு மாற்றினால் வருமா? ஐடி வாலட்டில் கொஞ்சம் டாலர் பாக்கி இருக்கிறது, அதைப் படத்துக்குச் செலவழிக்க முடியுமா?

மூன்றாவது, டிவி இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) இருக்கிறது, ரௌட்டர் முகப்பில். படம் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள், அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

ஆத்தங்குடிக்கல் (பதில்)

தம்பி, முதலில் இரண்டாவது கேள்வி. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இருந்த படக் கடையையே மூடிவிட்டார்கள். 2008 ஜூலையில் பிஎஸ்3 காலத்தில் அமெரிக்காவில் தொடங்கினார்கள். 2021 ஆகஸ்ட் 31-ஓடு விற்பனையும் நின்றது, வாடகையும் நின்றது. எந்த நாட்டு ஐடி போட்டாலும் திரும்ப வராது. பிஎஸ்என் ஐடியின் நாட்டை மாற்றவும் முடியாது. புதிதாக ஒன்று திறக்கலாம், அவ்வளவுதான். வாலட்டில் இருக்கும் டாலரில் அமெரிக்க ஸ்டோரில் கேம் வாங்கலாம். கன்சோலில் இருக்கும் மற்ற பட ஆப்களுக்கு அந்தப் பணம் செல்லாது.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். கன்சோல் வழியாகப் படம் வாடகைக்கு விடும் வழக்கத்தை 2006 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-இல் கொண்டுவந்ததே மைக்ரோசாஃப்ட்தான். அப்போது டாலரில் விலை போடாமல் பாயிண்ட்டில் போடுவார்கள். 80 பாயிண்ட் ஒரு டாலர், எச்டி படம் ஒன்றுக்கு வாடகை 480 பாயிண்ட், அதாவது 6 டாலர். பார்க்க ஆரம்பித்தால் 24 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். அந்தக் கடையும் 2025 ஜூலை 18-ஓடு புது விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மூவீஸ் அண்ட் டிவி ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வாங்கிய படங்கள். பென் டிரைவுக்குக் காப்பி செய்யவே முடியாது. டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் பூட்டுப் போட்டது, சாவி அண்ணனுடைய ஐடியில் இருக்கிறது. ஃபைலை வெளியே எடுத்தாலும் ஓடாது. பார்க்கும் வழி: டிவி அண்ட் வீடியோ பகுதியில் பிளேஸ்டேஷன் வீடியோ ஆப், அதற்குள் மை வீடியோஸ். அண்ணனுடைய யூசரில் லாகின் ஆகியிருக்க வேண்டும். மூன்று காரியம் மட்டும் செய்துவிடாதீர்கள்: அந்த யூசரை கன்சோலிலிருந்து அழிப்பது, இனிஷியலைஸ் செய்வது (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது), ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு டிஸ்க் மாட்டுவது. எதைச் செய்தாலும் டவுன்லோடு ஆனதெல்லாம் போய்விடும், பிறகு சர்வரைத்தான் நம்ப வேண்டும்.

சர்வரை எவ்வளவு நம்பலாம்? 2022 ஆகஸ்ட் 31-இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஸ்டூடியோகனால் நிறுவனத்தின் படங்களை, காசு கொடுத்து வாங்கியவர்களின் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளையும் அப்படியே எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு குறைந்தது 30 மாதம் இருக்கும் என்று சொல்லி நிறுத்தி வைத்தார்கள். படத்தின் உரிமை ஸ்டூடியோவிடம், கடைக்காரரிடம் இருப்பது ஒப்பந்தம், நம்மிடம் இருப்பது பார்க்கும் அனுமதி. 'வாங்கு' என்ற பட்டனுக்குப் பக்கத்தில் இது வெறும் லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமென்று கலிஃபோர்னியாவில் சட்டமே போட்டு, 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது.

அண்ணனிடம் ஒன்று கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் மூவீஸ் எனிவேர் என்று ஒரு சேவை உண்டு. ஒரு கடையில் வாங்கிய படம் இன்னொரு கடைக் கணக்கிலும் தெரியும். பிளேஸ்டேஷன் அதில் சேரவே இல்லை. ஆனால் அவர் ஆப்பிளிலோ அமேசானிலோ வாங்கிய படங்கள் இருந்தால் அங்கே இணைத்துவைப்பது நல்லது. படங்களுக்கு மட்டும்தான், சீரியலுக்கு அது கிடையாது.

பெட்டியைச் செருகும் முன் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் பிளக் மாற்றினால் போதும். 110-120 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் ஊர் 230-இல் செருக வேண்டாம்.

செக்காலை ரோடு (பதில்)

ஆத்தங்குடிக்கல் அண்ணன் கடை மூடிய கதையைச் சொல்லிவிட்டார், இப்போது வாடகைக்கு எடுக்கும் வழி. கன்சோலைப் படம் ஓட்டும் பெட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காசு கட்டுவது போனில், பார்ப்பது டிவியில்.

பிரைம் வீடியோ: இந்தியாவில் 2022 ஏப்ரல் 28-இல் வாடகைப் பகுதியைத் தொடங்கினார்கள். பிரைம் சந்தா இல்லாதவர்களும் எடுக்கலாம். சந்தா இருந்தாலும் வாடகைப் படத்துக்குத் தனியாகக் காசு. போன் பிரவுசரில் பிரைம் வீடியோ தளத்துக்குப் போய் வாடகைக்கு எடுங்கள். பிறகு பிஎஸ்4-இல் ஆப்பைத் திறந்து, திரையில் வரும் கோடு எண்ணை போனில் அடித்து அதே கணக்கில் லாகின் ஆகுங்கள். உங்கள் பட்டியலில் வாடகைக்கு எடுத்தவை இருக்கும் பகுதியில் படம் நிற்கும்.

யூடியூப்: இதுவும் அப்படித்தான். பிரவுசரில் எடுத்து, கன்சோல் யூடியூபில் அதே ஜிமெயிலில் நுழைய வேண்டும். 'காசு கட்டினேன், படத்தைக் காணோம்' என்று வருபவர்களில் பெரும்பாலோர் வேறு ஜிமெயிலிலோ, ஒரே ஜிமெயிலுக்குள் இருக்கும் வேறு சேனலிலோ லாகின் ஆகியிருப்பார்கள். டிவியில் கணக்கை மாற்றிப் பாருங்கள், வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் ஓடும்.

ஆப்பிள் டிவி: பிஎஸ்4-க்கும் பிஎஸ்5-க்கும் இந்த ஆப் 2020 கடைசியிலேயே வந்துவிட்டது. ஐபோன் இருந்தால் அதில் வாடகைக்கு எடுத்தால் கன்சோலில் தெரியும். இந்தியக் கணக்குக்கு யுபிஐ சேர்த்துக்கொள்வது சுலபம். ஐபோனில் டவுன்லோடு போட்ட வாடகைப் படம் டவுன்லோடாக அந்த ஒரு கருவியில்தான் இருக்கும், இன்னொன்றில் இறங்காது. டிவியில் பார்க்கும் எண்ணம் இருந்தால் டவுன்லோடு பட்டனைத் தொடாதீர்கள்.

இங்கே பலருக்கு வரும் குழப்பம்: பிஎஸ்என் ஐடியின் நாடு வேறு, பிரைம் அல்லது ஆப்பிள் கணக்கின் நாடு வேறு. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் எந்த ஆப் கிடைக்கும் என்பது ஐடியின் நாட்டைப் பொறுத்து மாறும். என்ன படம், எந்தக் காசு என்பதை ஆப்புக்குள் இருக்கும் கணக்கு முடிவு செய்யும். அதனால் அண்ணன் ஐடியை அப்படியே விட்டுவிட்டு, கன்சோலில் இன்னொரு யூசர் போட்டு இந்திய ஐடி திறந்துகொள்ளுங்கள். ஒரு யூசர் இறக்கிய இலவச ஆப்பை மற்றவரும் திறக்கலாம்.

இனி கெடு. பெரும்பாலும் எல்லாக் கடையிலும் ஒரே வழக்கம்தான்: எடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். காசு கட்டும் முன் திரையிலேயே போட்டிருக்கும், வாசித்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் பார்த்தால் கெடு தொடங்காது. படத்தை ஒரு விநாடி ஓட்டினாலும் தொடங்கிவிடும். படத்தை நடுவில் நிறுத்தி வைத்தாலும் கடிகாரம் நிற்காது, கரண்ட் போனாலும் நிற்காது. 'ஓடுகிறதா என்று சும்மா ஒரு தடவை பார்ப்போம்' என்று பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் தொட்டால், பொங்கலன்று இன்னொரு தடவை காசு கட்ட வேண்டியதுதான். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அதே ஆப்பில் இருக்கும் இலவசப் படம் ஒன்றை ஓட்டுங்கள்.

4கே வாடகைக்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உங்களுடையது ஸ்லிம், அது 1080-க்கு (ஃபுல் எச்டி) மேல் கொடுக்காது. 4கே வேண்டுமென்றால் பிஎஸ்4 புரோ அல்லது பிஎஸ்5 வேண்டும்.

இரண்டாங்கட்டு (பதில்)

தடுக்கல் பிரச்சினைக்கு வருகிறேன். நம் வீடுகளில் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு வைஃபை போவது கஷ்டம். கட்டுக்குக் கட்டு கனத்த செங்கல்-சுண்ணாம்புச் சுவர், நடுவில் திறந்த வளவு (முற்றம்), மேலே கம்பி வலை. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரிலேயே சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தள்ளிப் போகும், ஆனால் வேகம் குறைவு. பழைய முதல் மாடல் பிஎஸ்4-இல் 2.4 மட்டும்தான் உண்டு. ஸ்லிம்மில் இரண்டும் இருக்கிறது என்பதால் இரண்டையும் மாற்றிப் பாருங்கள், ஆனால் அதிசயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சுவரில் செருகும் ரிப்பீட்டர் வாங்கினால் சிக்னல் கோடு நிறையத் தெரியும், வேகம் பாதியாகும்.

எவ்வளவு வேகம் தேவை? 1080 படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே என்றால் 15-லிருந்து 25. பெரிய பிளான் தேவையில்லை, அந்த 5 அறாமல் வர வேண்டும். 5 எம்பிபிஎஸ்ஸில் மணிக்கு 2.25 ஜிபி செலவாகும், இரண்டரை மணி நேரப் படத்துக்கு 5.6 ஜிபி. ஃபைபருக்கு இது தூசு. போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் 2 ஜிபி பிளானை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இடைவேளை வரைகூடத் தாங்காது.

எனக்குப் பிடித்த வழி: வீட்டுக்குள் நெட் கேபிள் இழுப்பதை விட, நெட்காரரைக் கூப்பிட்டு ஓஎன்டி பெட்டியையே (ஃபைபர் ஒயர் வந்து சேரும் பெட்டி) இரண்டாங்கட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஃபைபர் ஒயர் இன்னும் நாற்பது மீட்டர் நீண்டால் வேகம் குறையாது. ஒளி போகும் கண்ணாடி இழை என்பதால், வளவைக் கடக்கும் இடத்தில் இடி மின்னலுக்கும் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது மடிப்பு மட்டும். நிலைக்கதவில் நசுங்கினாலோ தூண் ஓரத்தில் கூர்மையாக மடங்கினாலோ ஒளி கசிந்துவிடும், ஓஎன்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரியும். சுவரைத் துளைக்க விடாதீர்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சில் டிரில் வைத்தால் ஓட்டையோடு நிற்காமல் பாளம் பாளமாகப் பெயரும், அந்த வழவழப்பைத் திருப்பிக் கொண்டுவர இப்போது ஆள் கிடைப்பது கடினம். ஜன்னலுக்கு மேல் காற்றுத் துவாரமோ பழைய மின் ஒயர் போகும் கட்டையோ இருக்கும், அதன் வழியே விடலாம்.

முகப்பிலும் நெட் வேண்டும், ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும் என்றால், கேட்6 ரக நெட் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை ஓடும். கேட்டு வாங்க வேண்டியது முழுச் செம்பு, வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை. அலுமினியத்தில் செம்புப் பூச்சு கொடுத்தது மலிவாகக் கிடைக்கும், இரண்டு தடவை வளைத்தால் உள்ளே முறியும். எட்டுக் கம்பியில் ஒன்று போனாலும் ஜிகாபிட் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். படம் பார்க்க அதுவே ஏராளம் என்பதால் யாருக்கும் தெரியாது, கேம் இறக்கும்போதுதான் தெரியும். வளவைக் கடக்கும் செம்புக் கேபிளை இடி நேரத்தில் இரண்டு முனையிலும் பிடுங்கி வையுங்கள். மின்னல் தூரத்தில் விழுந்தாலும் கன்சோலின் லேன் போர்ட் போவதற்கு அது போதும்.

வேகம் பார்க்க பிஎஸ்4-இன் சொந்த டெஸ்ட்டை நம்ப வேண்டாம், அது காட்டும் எண் ஏறுக்குமாறாக இருக்கும். யூடியூபில் ஒரு 1080 வீடியோ ஓட்டி, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து, கனெக்‌ஷன் ஸ்பீடும் பஃபர் விநாடிகளும் ஐந்து நிமிடத்துக்கு எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். பஃபர் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் பிரச்சினை நெட்டில். பஃபர் நிறைய இருந்தும் தடுக்கினால் கன்சோலில்.

ஓஎன்டி, ரௌட்டர் இரண்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். பலர் டிவிக்கு மட்டும் இன்வெர்ட்டர் கொடுத்துவிட்டு ரௌட்டரை மறந்துவிடுவார்கள்.

கானாடுகாத்தான்காரன்

ரொம்ப நன்றி அண்ணே. ஓஎன்டி மாற்றச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வளவில் பழைய புரொஜெக்டர் கட்டி எல்லோரும் பார்க்கலாம் என்று யோசனை. அதில் பழைய ரக விஜிஏ இணைப்பு மட்டும்தான் இருக்கிறது, எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ கன்வர்ட்டர் போட்டேன். பிஎஸ்4 மெனு தெரிகிறது, கேம் தெரிகிறது, பிரைமில் படம் போட்டால் மட்டும் வருவதில்லை. அப்புறம், சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ப்ளூ-ரே டிஸ்க்குகள் இதில் ஓடுமா?

செக்காலை ரோடு

காரணம் எச்டிசிபி என்ற காப்பித் தடுப்புப் பூட்டு. காசு கொடுத்துப் பார்க்கும் எந்தப் படமும், பெட்டியிலிருந்து திரை வரை வழியெல்லாம் அந்தப் பூட்டு இருக்கிறதா என்று விசாரித்துத்தான் ஓடும். விஜிஏ-வுக்கு அப்படி ஒன்று கிடையாது, அதனால் மெனு வரும், கேம் வரும், படம் வராது. அதே காரணத்தால் பழைய ட்யூப் டிவிக்குப் போடும் ஏவி கன்வர்ட்டரிலும் தகராறு வரும். செட்டிங்ஸ், சிஸ்டம் போய் 'எனேபிள் எச்டிசிபி' டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேம் ரெக்கார்டு செய்வதற்காக அண்ணன் எடுத்துவிட்டிருக்கலாம். டிக் இல்லையென்றால் நல்ல டிவியிலேயே பட ஆப் திறக்காது. அந்தப் புரொஜெக்டருக்கு வேறு வழி இல்லை. எச்டிஎம்ஐ உள்ளது ஒன்றை வாடகைக்கு எடுங்கள், காரைக்குடியில் கல்யாண வீடியோக்காரர்களிடம் கிடைக்கும்.

எச்டிஎம்ஐ கேபிளும் நீளமாக இழுக்காதீர்கள். சாதாரணக் கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொறி பறக்கும், இல்லையென்றால் விட்டுவிட்டுக் கறுப்பாகும். புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே கன்சோலை வைத்து, நெட் கேபிளை நீளமாக விடுங்கள். ஸ்பீக்கர் செட்டில் சத்தம் வரவில்லையென்றால் சவுண்ட் அண்ட் ஸ்க்ரீன், ஆடியோ அவுட்புட் செட்டிங்ஸ் போய் ஆடியோ ஃபார்மட்டை லீனியர் பிசிஎம் ஆக்குங்கள்.

வாடகைப் படம் வீட்டுக்குள் பார்ப்பதற்கான அனுமதி. சொந்தபந்தம் வளவில் உட்கார்ந்து பார்ப்பது சரி. கோயில் திருவிழாப் பந்தலில் ஊருக்கே போட நினைத்தால் அது வேறு லைசென்ஸ்.

ஆத்தங்குடிக்கல்

டிஸ்க் விஷயம் நம் ஊருக்கு லாபமான ஒன்று. ப்ளூ-ரேவுக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா ஏ. சிங்கப்பூர், மலேசியாவும் ஏ-தான். இந்தியா சி. அதனால் உங்கள் அமெரிக்கப் பெட்டியில் சித்தப்பா கொண்டுவந்த ப்ளூ-ரே ஓடும். இங்கே வாங்கிய டிஸ்க்கில் சி என்று மட்டும் போட்டிருந்தால் ஓடாது, ஏபிசி மூன்றும் போட்டிருந்தால் ஓடும். அட்டையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் எழுத்து இருக்கும். டிவிடி கணக்கு வேறு: அமெரிக்கா 1, சிங்கப்பூர் 3, இந்தியா 5. அதில் உங்களுக்கு இடிக்கும். கேம் டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை. 4கே ப்ளூ-ரே பிஎஸ்4 எதிலும் ஓடாது, புரோவிலும்கூட.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் கன்சோலை வைத்துவிட்டுப் போவதாக இருந்தால் இன்னொன்று. உள்ளே சிஆர்2032 என்று காசு வடிவத்தில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும், தேதி தப்பானால் ஆப் எதுவும் சர்வரோடு பேசாது. பாஸ்வேர்டு தப்போ என்று அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பீர்கள். டேட் அண்ட் டைமில் இணையத்திலிருந்து நேரம் எடுக்கச் சொல்லுங்கள். சிஸ்டம் அப்டேட், ஒவ்வொரு ஆப்பின் அப்டேட், அண்ணன் ஐடிக்கு அவர் போனில் வரும் சரிபார்ப்புக் கோடு, எல்லாவற்றையும் ஆட்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். அமெரிக்காவில் நடுராத்திரியாக இருக்கும்போது கோடு கேட்டு போன் அடிக்காதீர்கள்.

ரெஸ்ட் மோடில் (அரைத் தூக்கத்தில்) விடாமல் முழுதாக அணையுங்கள். ரெஸ்ட்டில் இருக்கும்போது கரண்ட் போனால், அடுத்த தடவை ஸ்டோரேஜ் செக் என்று ஒரு நீலப் பட்டை வந்து நிற்கும். அது ஓடி முடியும் வரை பவர் பட்டனில் கை வைக்க வேண்டாம்.